மலையேறிய கால்களும் கம்பளிக் காலுறையும்

கண்டி மாநகருக்கு வருவோர் தலதா மாளிகையைத் தரிசித்து, ஏரிக்கரையில் உலாவி, பேராதனைப் பூந்தோட்டத்தைக் கண்டு திரும்புவது வழக்கம். சென்ற ஐப்பசியில் வார இறுதி விடுமுறையொன்றில் நாமும் அந்நகரையும் அதன் சுற்றுப்புறத்து மலைகளையும் சுற்றி வந்தோம். எனினும் எமது பயணத்தின் நோக்கம் ஒரு சோடிக் காலுறை. இதைக் கேட்டு வாசக நேயர்கள் நகைக்கக்கூடும். நாமும் முதலில் நகைத்தவர்களே.

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, விடுதியில் தங்கிக் கற்றுப் பொறியியலாளரானவர், இன்று ஸ்கொட்லாந்திலுள்ள அபடீன் நகரில் தொழில் புரிகிறார். தாயைக் காண வந்திருந்தவர் எம்மையும் காண வந்தார். டிசம்பரில் அங்கே அவருடைய நண்பருக்குத் திருமணம். மணமகனுக்குத் தோழராக நிற்க வேண்டியவர் எமது மாணவர். தோழர் அனைவரும் அந்நாட்டு மரபின்படி 'கில்ட்' எனப்படும் கொசுவப் பாவாடையும், முழங்காலின் கீழ்வரை நீண்ட கம்பளிக் காலுறையும் அணிதல் வேண்டும் என்பது ஏற்பாடு.

அவர் பையிலிருந்து காலுறைச் சோடியொன்றை எடுத்து எம் முன்னே வைத்தார். ஒரு விருந்துக்கு இதை அணிந்து சென்றாராம். ஒரு மணி நேரத்திற்குள் முழங்காலின் கீழே சிவந்த வளையம் விழுந்து, பாதம் மரத்துப் போயிற்றாம். கணுக்கால் வரை சுருட்டிவிட்டு, கால்களை மேசையின் கீழ் மறைத்தபடி இரவெல்லாம் இருந்தாராம். மறுநாள் வாங்கிய கடைக்குச் சென்று முறையிட்டபோது கிடைத்த விடையே அவரை அதிகம் வருத்தியது.

"காலுறையில் பிழை இல்லையாம், சேர். என் கால்தான் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாம்" என்றார். சொல்லிச் சிரித்தார், ஆயினும் அச்சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை.

தடையிலிருந்து கொண்டாட்டத்திற்கு

ஸ்கொட்லாந்து மலைநாட்டாரின் இவ்வுடைக்கு ஒரு வரலாறு உண்டு. அம்மக்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னர், 1747ஆம் ஆண்டு முதல் 1782 வரை, ஆடவர் அதனை அணிவது சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. படைச் சேவையிலிருந்தோருக்கே விலக்கு அளிக்கப்பட்டது. பின்னர் 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது அவ்வுடையையே தாமும் தரித்துக் கொண்டார். அன்று விலக்கப்பட்டது இன்று திருமண உடை.

அவ்வுடையில் முழங்கால் மட்டுமே வெளியே தெரியும். காலுறையின் மேல்விளிம்பு முழங்காற் சில்லுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே மடித்து விடப்படும். மடிப்பின் உள்ளே ஒரு பட்டி. பட்டியிலிருந்து தொங்கும் நிறநாடா. வலக்காலில் ஒரு சிறு கத்தியும் செருகப்படும். ஆதலால் காலுறை சரிந்தால் முழு உடையும் சரிந்ததாகவே தோன்றும்.

மஹியாவையில் ஒரு கல்லறை

ஸ்கொட்லாந்து என்றதும் கண்டியில் எவருக்கும் நினைவு வருபவர் ஜேம்ஸ் டெய்லர். மறுநாட் காலை மஹியாவை மயானத்திலுள்ள அவருடைய கல்லறைக்கு இருவரும் சென்றோம். 1835இல் அந்நாட்டின் கின்கார்டின் பகுதியில் பிறந்தவர் அவர். எமது மாணவர் இன்று வாழும் அபடீன் அப்பகுதிக்கு வடக்கே, அண்மையில் உள்ள நகரம். 1852இல், பதினேழு வயதும் நிரம்புமுன், இத்தீவை அடைந்து லூல்கந்துர தோட்டத்தில் பணியேற்றார். 1867இல் அத்தோட்டத்தின் ஏழாம் இலக்க மலையில் 19 ஏக்கரில் அவர் நட்ட தேயிலையே இலங்கைத் தேயிலை வாணிபத்தின் தொடக்கம் எனப் போற்றப்படுகிறது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், நாட்டைத் தாங்கியது அத்தேயிலையே.

டெய்லர் மிகப் பருத்த உடலினர். 246 இறாத்தல் நிறையினர் என்பர். 1892 மே 2ஆம் திகதி அவர் இறந்தபோது, 12 பேர் கொண்ட இரு குழுக்கள் முறைமாறித் தோள் கொடுத்து, மலைப்பாதை வழியே அவருடைய பெட்டியைக் கண்டிவரை சுமந்து வந்தன. தொழிலாளர் அவரைச் 'சாமி துரை' என்று அழைத்தனராம்.

"அவ்வளவு பாரத்தையா?" என்று கேட்டு நின்றார் எமது மாணவர். பின்னர் ஒன்றும் பேசவில்லை.

அளவு நாடா கற்பித்த பாடம்

அன்று மாலை, கண்டிக் கடைவீதியில் எமக்குப் பழக்கமான தையற்காரரிடம் அவரை அழைத்துச் சென்றோம். அம்முதியவர் கில்ட் உடையைக் கண்டதில்லை. ஆயினும் உடலை அளக்கத் தெரிந்தவர். "காலையில் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். நாள் முழுதும் நின்று நடந்த கால் மாலையில் சற்றுப் பருக்கும். அப்போது எடுக்கும் அளவே கடைசிவரை உதவும்" என்றார். இரண்டு கால்களிலும் பாரம் சமமாக விழும்படி நிற்கச் செய்து, இரண்டையும் அளந்தார். இரு கால்களும் ஒத்திருப்பது அரிது. பெரியதன் அளவையே எழுத வேண்டும்.

அவர் எடுத்த அளவுகள் ஐந்து: கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம், மேல்மடிப்பு அமரும் இடம், கணுக்காலின் ஒடுங்கிய இடம், தரையிலிருந்து மடிப்பு வரையான உயரம், பாதத்தின் நீளம். எமது மாணவரின் கெண்டைக்கால் 47 சென்ரிமீற்றர். அந்தக் காலுறையை மேசையில் இழுக்காமல் விரித்து அதே இடத்தில் அளந்தபோது அகலம் 15. சுற்றளவு எனில் 30. முப்பது நாற்பத்தேழைத் தழுவ வேண்டுமாயின் ஒன்றரை மடங்குக்கும் மேலாக விரிய வேண்டும்! கடைக்காரர் கேட்டது சப்பாத்தின் இலக்கத்தை மட்டுமே. உறையின் மேலட்டையிலும் பாதத்தின் அளவு மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. கெண்டைக்காலை எவரும் கேட்கவில்லை.

நாடாவைச் சுருட்டியபடி தையற்காரர் விளக்கியவற்றை, பருத்த கால்களையுடைய வாசகர்களுக்காகத் தொகுத்துத் தருகிறோம். பின்னற்றுணி அகலத்தில் இழுபட்டால் நீளத்தில் குறுகும். இறுக்கமான காலுறை கீழே சரிவதற்குக் காரணம் அதுவே. அதைக் கண்டு பட்டியை மேலும் இறுக்குவது நோயைக் கூட்டுவதாகும். மேல்விளிம்பு மடிக்கப்படுவதால் அங்கே துணி இரட்டிக்கிறது, இறுக்கமும் கூடுகிறது. பட்டியின் கீழ் இரு விரல்கள் தடையின்றி நுழைய வேண்டும். காலுறையைக் கழற்றியதும் மெல்லிய தடம் தெரிந்து விரைவில் மறைவது இயல்பு. ஆழ்ந்த வளையமும், விறைப்பும், விரல்களில் குளிர்ச்சியும் தோன்றினால் அக்காலுறை அக்காலுக்கு உரியதன்று.

கால் பெரிதென்று பெரிய பாத அளவை வாங்குவது பலர் செய்யும் தவறு. அப்போது குதியின் வளைவு கணுக்காலுக்கு ஏறிவிடும். சப்பாத்தினுள் துணி மடிந்து கொப்புளம் உண்டாகும். பாதம் பாதத்தின் அளவிலும், கால் காலின் அளவிலும் இருத்தல் வேண்டும். மேலிருந்து கீழ்வரை வரிவரியாகப் பின்னிய காலுறை, சமதளமாகப் பின்னியதைவிட நன்கு விரிந்து மீளும். அணிந்தபின் அவ்வரிகள் நேராக நிற்க வேண்டும்; வரிகள் அகன்று இடையே தோல் தெரிந்தால் அது போதாது. கம்பளி இயல்பாகவே நெகிழும். தேய்மானத்தைத் தாங்கச் சிறிது நைலோனும், பழைய வடிவுக்கு மீளச் சிறிது மீள்நூலும் கலந்திருப்பது நன்று. கைப்பின்னலாயின் இன்னும் சிறப்பு. கெண்டைச்சதைக்கு வேண்டிய கண்ணிகளுடன் தொடங்கி, கணுக்காலை நோக்கி இறங்குகையில் பின்புறத்தில் கண்ணிகளைக் குறைத்துக் கொண்டு வருவதால், காலின் வடிவமே காலுறையின் வடிவமாகும். கழுவும்போது குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல், நிழலில் கிடத்தி உலர்த்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீரிழிவு உள்ளோரும், நாளம் புடைத்த கால்களை உடையோரும் மருத்துவரைக் கேட்டே இறுக்கமான காலுறைகளை அணிதல் வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் பெரிய காலுறையைத் தேடாது வைத்தியசாலையை நாடுக.

அட்டை ஊரும் பாதை

அடுத்த நாள் பேராதனை, கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் பஸ் ஏறினோம். வளைவு தோறும் மகாவலிப் பள்ளத்தாக்கு கீழே இறங்கிச் செல்ல, மிளகுக் கொடியும் கராம்பு மரமும் மறைந்து தேயிலை தோன்றிற்று. அங்கிருந்து ஓட்டோவில் லூல்கந்துரவை அடைந்து, டெய்லர் அமர்ந்து மலைகளைப் பார்த்ததாகக் கூறப்படும் கல்லாசனத்தை நோக்கி நடந்தோம்.

இரவு பெய்த மழையால் பாதையெங்கும் அட்டைகள். எமது மாணவர் தமது கம்பளிக் காலுறையையே அரைக்காற் சட்டையுடன் அணிந்து வந்திருந்தார். இழுபட்டு அகன்ற கண்ணிகளின் ஊடே அட்டைகள் எளிதாக நுழைந்துவிட்டன. அட்டைக்கெனத் தைக்கப்படும் காலுறையே வேறு. அது பின்னற்றுணியன்று, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் பைபோலத் தைத்து முழங்காலின் கீழ் கட்டப்படுவது. 1859இல் இலங்கையைப் பற்றிப் பெருநூல் எழுதிய எமர்சன் ரெனன்ற், கோப்பித் தோட்டத் துரைமார் அத்தகைய காலுறைகளை அணிந்ததையும், இந்நாட்டு மக்கள் எண்ணெய், புகையிலைச் சாம்பல், எலுமிச்சஞ்சாறு ஆகியவற்றைப் பூசிக்கொண்டதையும் குறிப்பிட்டுள்ளார்.

பாதையின் மேலே கொழுந்து பறித்துக் கொண்டிருந்த பெண்கள் இடுப்பில் படங்கைச் சுற்றியிருந்தனர். முழங்காலின் கீழே சவர்க்காரம் மட்டும் பூசியிருந்தனர். காலுறையோடு அட்டையைப் பிடுங்கி நின்ற எம்மைக் கண்டு அவர்கள் சிரித்தனர். ஒருத்தி தன் சவர்க்காரத் துண்டை எமக்கு எறிந்தாள்.

தாயின் சொல்

மாலையில் மாணவரின் தாயார் இருக்கும் லயத்தை அடைந்தோம். வெந்நீர் கொடுத்து, தேநீர் ஊற்றி, மகனின் காலிலிருந்த சிவந்த வளையத்தைக் கண்டு காரணம் கேட்டார். மகன் கடைக்காரரின் சொல்லைக் கூறியதும் அவர் எம்மைப் பார்த்தே பேசினார்:

"இவன் தாத்தாவுக்கும் இதே காலுதான், வாத்தியார் ஐயா. கொழுந்து மூட்டைய முதுகுல வச்சுக்கிட்டு இந்த மலைய ஒரு நாளைக்கு எத்தன தடவ ஏறி எறங்குவாரு! அது சோறு போட்ட காலு. அதுக்குத் தக்கன சொக்ஸ் தைக்கத் தெரியலன்னா, அவங்க இன்னும் கத்துக்கட்டும்."

அவருடைய கால்களைக் கண்டோம். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை அட்டைக்கடியின் பழந்தழும்புகள். வாழ்நாளில் ஒரு காலுறையையும் அறியாத கால்கள். தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்தே இம்மலைகளை அடைந்தவர்களின் வழித்தோன்றல் அவர். நடந்தோரில் வழியிலேயே மடிந்தோர் பலர். மஹியாவைவரை அந்தப் பாரத்தைச் சுமந்த 24 பேரும் இத்தகைய கால்களாலேயே நடந்திருப்பர். கல்லறைக் கல்லில் அவர்கள் பெயர் இல்லை.

மாணவர் எழுந்து, மழை ஈரத்தோடு கிடந்த அக்காலுறைச் சோடியை அடுப்பங்கரையில் உலர வைத்தார். "இதை யாராவது சிறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள், அம்மா" என்றார்.

தையற்காரரின் ஐந்து அளவுகளும் எழுதிய தாள் அவருடன் அபடீன் சென்றது. அங்கே கைப்பின்னல் செய்யும் மூதாட்டி ஒருவரைத் தேடி அவரிடம் கொடுத்தாராம். அவ்வம்மையார் அளவுகளைப் படித்துவிட்டு, நிறம் எது என்று மட்டும் கேட்டாராம்.

ஜனவரியில் புகைப்படம் வந்தது. தோழர் நால்வரின் வரிசையில் எமது மாணவர் நேராக நிற்கிறார். பச்சைக் கம்பளிக் காலுறை முழங்காலின் கீழ் சுருக்கமின்றி நிற்கிறது. கால்களை எதன் பின்னும் அவர் மறைக்கவில்லை. தெல்தோட்டைக்கு அதனைக் கொண்டு சென்று தாயாரிடம் கொடுத்தோம். வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தவர் கேட்டது ஒன்றே:

"இது குளிருக்கா ஐயா, இல்ல அங்கயும் அட்டை இருக்கா?"