சுவாமி குளிக்க வரும் ஆறு

போன மே மாதம் தம்பி குடும்பம் சென்னையிலிருந்து வந்திருந்தது. பிள்ளைகளை ஜமுனாமரத்தூருக்கு அழைத்துப் போனேன். கொலப்பன் ஏரியில் படகு, பீமன் அருவியில் ஒழுகிக்கொண்டிருந்த கொஞ்சம் தண்ணீர், சாலையோரம் பலாச்சுளை. இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. திரும்பும்போது எங்கள் ஊர்ப் பாலத்தில் கார் ஏறியதும் சின்னவன் எட்டிப் பார்த்துக் கேட்டான்: "பெரியப்பா, இது என்ன காடு?"

"ஆறுடா" என்றேன். அவன் நம்பவில்லை. கரைக்குக் கரை சீமைக்கருவேலம் நிற்கும்போது எப்படி நம்புவான்?

அதுதான் செய்யாறு. காலையில் அவன் ஆடிவிட்டு வந்த அதே ஜவ்வாது மலையில்தான் பிறக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்களின் சாமைக் கொல்லைகளை ஒட்டிய ஓடைகளாகத் தொடங்கி, குப்பநத்தம் அணையில் கொஞ்சம் நின்று, செங்கத்துக்கு வருகிறது. செங்கத்தைச் சும்மா தாண்ட முடியாது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், 583 அடிகளில், மன்னன் நன்னனின் செங்கண்மாவுக்கு, அதாவது இன்றைய செங்கத்துக்கு, கூத்தர்களை வழிநடத்துகிறது. எங்கே சோறு கிடைக்கும், எந்த இடத்தில் பார்த்து நடக்க வேண்டும், எல்லாம் உண்டு. சேயாறு என்ற பெயரில் எங்கள் ஆறும் அதில் வருகிறது. நவிரமலையும் வருகிறது, அதுதான் பர்வதமலை என்பார்கள். இந்தப் பக்கத்துக்குச் சுற்றுலாக் கையேடு எழுதி ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. படகுத்துறை ஒன்றுதான் புதுசு.

அடுத்தது கலசபாக்கம், என் ஊர்.

சின்ன வயதில் எங்களுக்கு லீவு என்றால் ஆறுதான், வருஷம் முழுக்க. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வேடிக்கை. மிதந்து வரும் வைக்கோல்போர் எந்த ஊருடையது என்று பந்தயம் கட்டுவோம். பங்குனி, சித்திரையில் ஊற்று. மணலை முழங்கை ஆழம் பறித்தால் ஈரம் தட்டும். இன்னும் ஒரு சாண் பறித்தால் ஓரம் சரியச் சரிய நீர் சுரக்கும், கலங்கலாக. கொட்டாங்குச்சியால் மூன்று தரம் மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். "அவசரப்படாதடா, தெளியட்டும்" என்பாள் ஆயா. நாலாவது தரம் அடியில் கிடக்கும் மணல் ஒவ்வொன்றாகத் தெரியும். அதன் பிறகுதான் குடிக்க விடுவாள்.

தை பிறந்தால் ரத சப்தமி. அன்று அண்ணாமலையார் எங்கள் ஆற்றுக்குக் குளிக்க வருவார். வெளியூர் போவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தை ஐந்தாம் நாள் மணலூர்ப்பேட்டைக்குப் போய்த் தென்பெண்ணையில் தீர்த்தவாரி. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதி. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனுக்கு மகனாக நின்று அங்கே திதி கொடுப்பார். ரத சப்தமிக்கு செய்யாறு.

விடியும் முன்பே அம்மா ஏழு எருக்க இலைகளைப் பறித்து வந்து, தலையிலும் தோளிலும் வைத்து முழுகச் சொல்வாள். இலைகள் தண்ணீரோடு போய்விட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் பார்ப்பேன். கடைசி இலை எப்போதும் நாணலில் சிக்கிக்கொண்டு நிற்கும். பிறகு மேளச் சத்தம் கேட்கும். எங்கள் திருமாமுனீஸ்வரர் எதிர்கொண்டு அழைக்கப் போவார். சுவாமியின் சூலம் தண்ணீரில் இறங்கும் அந்த நொடியில் ஊரே விழுந்து முழுகும். எங்கே பார்த்தாலும் ஈரத் துணி. கரும்புக் கடை, பொரிக் கடை, ராட்டினம் எல்லாமே மணலில்தான். ஒரு வருஷம் கூட்டத்தில் என் டிரவுசர் ஆற்றோடு போய், அம்மாவின் துண்டைக் கட்டிக்கொண்டு சாமி பார்த்தேன். இன்றைக்கும் அக்கா அதை விடமாட்டாள்.

அந்த மணலை முதலில் மாட்டு வண்டியில் அள்ளினார்கள். அப்புறம் லாரி வந்தது. மணல் போனதும் களிமண் தெரிந்தது, களிமண்ணில் கருவேலம் பிடித்தது. மழை இல்லாமல் இல்லை. 2021 நவம்பரில் வெள்ளம் புரண்டுதான் வந்தது. பிடித்துவைக்க மணல் இல்லாததால் வந்த வேகத்தில் போய்விட்டது. 1978இல் சமாதியான பூண்டி மகானுக்கு ஆற்று சுவாமிகள் என்றே ஒரு பெயர். இதே ஆற்றில் வெள்ளம் வந்து மணல் மூடியபோதும் தியானத்தில் இருந்தார் என்பார்கள். இப்போது ஒருவர் அப்படி உட்கார்ந்தால் மூடுவதற்கு மணல் எங்கே? வறண்ட வருஷம் ஒன்றில், ஆற்றுக்குள் குழி வெட்டி லாரித் தண்ணீர் நிரப்பியதில் சூலம் இறங்கியதைப் பார்த்தேன். அன்று நான் குளிக்கவில்லை.

கலசபாக்கத்துக்குக் கீழே கமண்டல நாக நதியைச் சேர்த்துக்கொண்டு, ஆண்பனை பெண்பனையானதாகக் கதை சொல்லும் திருவோத்தூரைத் தாண்டி, திருமுக்கூடலில் வேகவதியோடு பாலாற்றில் முடிகிறது. அங்கேயும் பாதி வருஷம் வறண்ட தடங்கள்தான் கூடுகின்றன.

மலையில் படகு விடட்டும், கோடை விழாவும் நடத்தட்டும். அந்த அக்கறையில் கால்பங்கு அடிவாரத்துக்கும் இறங்கி, கருவேலத்தை வேரோடு பிடுங்கி, மிச்ச மணலைத் தொடாமல் விட்டால் போதும்.

வரும் ரத சப்தமிக்கு வாருங்கள். திருவண்ணாமலையில் போளூர் பஸ் ஏறினால் சுமார் 25 கிலோமீட்டர். எருக்க இலை கரையிலேயே கிடைக்கும். மாற்றுத் துணி எடுத்து வருவதா என்பதை மட்டும் ஐப்பசி மழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.