வாடைக்காற்றில் ஓர் இறகுத் தூண்டில்

சென்ற மார்கழியில், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், ஒலுவில் களியோடை ஆற்றங்கரையிலே நின்று ஒரு நீண்ட மெல்லிய கோலைச் சாட்டைபோல் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்த எம்மைக் கண்டவர்கள், கல்லூரி ஆசிரியருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று எண்ணியிருந்தால் அது அவர்கள் பிழையன்று. தூண்டில் போடுபவர் ஓரிடத்தில் அசையாது இருப்பதுதானே உலக வழக்கம்!

அக்கோல் ரொறன்ரோவில் வாழும் எமது தம்பி அனுப்பியது. கூடவே ஒரு சிறு பெட்டி. அதற்குள் இறகும் நூலும் கொண்டு ஊசிமுனை போன்ற தூண்டில் முட்களிலே கட்டப்பட்ட செயற்கைப் பூச்சிகள் இருபது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் கயிற்றை இழுத்துச் செல்லும். இதிலோ கயிறே பாரமானது. பாரமற்ற பூச்சியை அது சுமந்து செல்லும். ஆகையினாற்றான் அந்த வீச்சும் விசிறலும். இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே, மக்கதோனிய நாட்டார் சிவப்புக் கம்பளி நூலும் இறகும் சுற்றிய முள்ளினால் ஆற்றுமீன் பிடித்ததை ஏலியன் என்னும் உரோம நாட்டு ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். நம் நாட்டுக்கு இது வந்தது ஆங்கிலத் தோட்டத்துரைமாரோடு. நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளிலே டிரவுட் மீனைக் கொண்டுவந்து வளர்த்து, 1896 இல் ஒரு மீன்பிடிச் சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். நமது கீழ்க்கரையில் இதனைக் கண்டவர் அரியர்.

தம்பி அங்கே பிடிப்பது டிரவுட் அன்று. புளூகில், கிராப்பி என்னும் சிறு மீன்கள். பொரிக்கும் தாச்சிக்குள் முழுதாக அடங்குபவை என்பதால் அவற்றுக்கு அந்நாட்டார் வைத்திருக்கும் பொதுப்பெயரைத் தமிழிலே "தாச்சி மீன்" என்று நாம் சொல்லலாம். குளிர்காலத்தில் அவற்றைப் பிடிப்பது பொறுமைக்கு ஒரு சோதனையாம். நீர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் மீனின் உடலும் குளிர்ந்துவிடும், பசி மந்தமாகும், அது ஆழத்துக்குச் சென்று ஒதுங்கிவிடும். இரையைத் துரத்திப் பிடிக்காது. வாயருகே வந்தால் மட்டும் மெல்ல உறிஞ்சும். ஆகையால் பூச்சி மிகச் சிறிதாயிருக்க வேண்டும். ஆழத்தில் இறங்க வேண்டும். நத்தை போல் நகர வேண்டும். "அண்ணா, கயிறு ஒரு மூச்சுவிட்டாற்போல அசையும், அவ்வளவுதான்" என்று தொலைபேசியில் சொன்னான்.

ஒலுவிலில் அந்தக் குளிர் ஏது என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். உண்மைதான். நமது மார்கழி நீர் ஏறக்குறைய 25 பாகை. ஆயினும் நமது ஆற்று மீனுக்கும் நமக்கும் அது குளிரே. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா ஆபிரிக்க வெப்பத்தில் பிறந்த இனம். மழைநீர் கலங்கிப் பெருகி வாடையும் வீசத் தொடங்கினால் அதுவும் கரையோரக் கண்டல் வேர்களின் கீழே ஒதுங்கிவிடும். மேலைநாட்டார் இடுப்பளவு நீரில் இறங்கி நின்று வீசுவார்களாம். களியோடையில் முதலை உண்டு. நாம் அந்தப் பெருமைக்கு ஆசைப்படவில்லை.

ஒரு மணிநேரம் வீசினோம். வாடை ஒவ்வொரு முறையும் கயிற்றைத் திருப்பி எமது முகத்திலேயே எறிந்தது. ஒருமுறை பூச்சி எமது காதைப் பிடித்தது. அன்றைய முதற் பிடிப்பு அதுவே.

சற்றுத் தள்ளி, மூங்கிற் கம்போடு குந்தியிருந்த முதியவர் ஒருவர் இதனையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அறுந்த முள்ளை நாம் மீண்டும் கட்டத் தொடங்கியபோது எழுந்து அருகில் வந்தார். எமது கையையே உற்றுநோக்கினார்.

"சேர், நீங்க காரைதீவா?"

"ஓம் காக்கா."

"முடிச்சப் பாத்தாத் தெரியுது. ரெண்டு சுத்துச் சுத்தி, நுனியப் பல்லாலக் கடிக்கிறது... வாத்தியார்ர மகன்தானே?"

எமது தந்தையாரும் ஆசிரியரே. எமது சிறுபிராயத்தில் எம்மைச் சைக்கிளின் முன்தண்டில் இருத்தி, நிந்தவூரைக் கடந்து, இவ்வாற்றங்கரைக்கு அழைத்து வந்திருக்கிறார். 1990 இல் எமது பகுதியில் இரு சமூகத்தாருக்கும் நேர்ந்த துயரங்களின் பின் அப்பயணம் நின்றுபோயிற்று. கேட்டபோதெல்லாம் "கண் சரியில்லை" என்பார். ஆனால் ஒவ்வொரு மார்கழியிலும் தூண்டில் முட்களைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்துத் தேங்காயெண்ணெய் பூசித் திரும்ப வைப்பார். முள்ளின் சிறு துவாரத்தைக் காணமுடிந்த கண்ணுக்கு ஆறு தெரியாமற் போகுமா என்று நாம் அப்போது யோசிக்கவில்லை.

"தொண்ணூறுக்குப் பொறகு அவரு வரல்ல. நானும் அங்கால போகல்ல. ஆருக்குத்தான் துணிவிருந்திச்சு? ரெண்டு மாரிக்குப் பொறகு பஸ்ஸில மீன் அனுப்பினன். பன்பையத் திருப்பி அனுப்பினாரு. உள்ளுக்க எலுமிச்சம்பழம்."

அந்தப் பன்பை எமக்கு நினைவிருந்தது. ஓரத்தில் ஊதாச் சாயம் தோய்த்த பன் இழைகள். யார் அனுப்பியது என்று அம்மா கேட்கவில்லை, தந்தையார் சொல்லவுமில்லை. கொல்லை எலுமிச்சையைத் தாமே பறித்து அடுக்கினார்.

"அவரு எப்பிடி இருக்காரு?" என்றார் பெரியவர்.

தந்தையார் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றோம். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மீண்டும் அணிந்துகொண்டார். நெடுநேரம் ஆற்றையே பார்த்திருந்தார். அவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று எமக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை. அவர் இருப்பதே எமக்குத் தெரியாது. ஆயினும் குற்றம் செய்தவர்போல் நின்றோம்.

பிறகு அவரே எமது கோலை வாங்கிப் பார்த்தார். "இதக் காத்தோட சண்டை பிடிக்க வைக்காதீங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் காத்து மறைவு. வீசவேணாம், விடுங்க, தானாத் தாழட்டும்" என்றார். ரொறன்ரோவிலிருந்து தம்பி சொன்னதும் இதுவே என்பதை நினைத்து வியந்தோம்.

பாலத்தின் மறைவில் கயிறு நீரில் அமைதியாய்க் கிடந்தது. பூச்சி தாழ்ந்தது. இரண்டு விரலால் சிறிது சிறிதாக இழுத்தோம். எதுவும் இழுக்கவில்லை; கயிறு மட்டும் சற்றே நின்றாற்போல இருந்தது. "இப்ப!" என்றார் பெரியவர். தூக்கினோம். உள்ளங்கை அகலத்தில் ஒரு திலாப்பியா. அதன்பின் இன்னொன்று.

ஒன்றை அவருடைய பையில் இட்டோம். இரண்டையுமே கொண்டுபோகும்படி அவர் வற்புறுத்தினார், நாம் மறுத்தோம். வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். பத்து வயதில் ஒரு மகன் உண்டு என்றோம்.

"வாற சனிக்கிழமை கூட்டி வாங்க. தண்ணி ஏறிட்டுது, முகத்துவாரம் வெட்டப் போறாங்க. வெட்டினா எல்லாம் கடலுக்குப் போயிரும். அதுக்கு முந்தி வாங்க."

அன்றிரவு தம்பி தொலைபேசியில் எந்தப் பூச்சிக்கு மீன் அகப்பட்டது என்று ஆவலாய்க் கேட்டான். பழுப்பு இறகு என்றோம். பன்பையைப் பற்றி அவனுக்கும் நினைவிருக்கிறதா என்று கேட்டோம். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. "ஊதா ஓரம்" என்றான்.

வெள்ளிக்கிழமை மாலை, கொல்லை எலுமிச்சையில் நாமும் மகனும் பழம் பறித்தோம். பன்பைதான் கிடைக்கவில்லை, கடதாசிப் பையில் இட்டுக் கட்டினோம்.