கேத்தி, 1943: புட்டியோடு ஒரு வரிசை

ஜூன் 9

நீலகிரிக் கேத்தியின் யுத்தக்காலக் காட்சி மாதிரிக்கு அளவு முடிவாகிவிட்டது: 35இல் 1. ஐந்தே முக்கால் அடி ஆள் இதில் 5 செ.மீ. உயரம் நிற்பார். உலகெங்கும் போர்க்காட்சி மாதிரி செய்கிறவர்கள் பிடித்துக்கொண்ட அளவு இது. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பான்தர் டாங்கி மாதிரி செய்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டியிருந்தது. அடங்கும்படி உடலைச் செய்துவிட்டுப் பிறகு கணக்குப் போட்டால் ஏறத்தாழ 35இல் 1 வந்தது. அந்த டாங்கிக்குத் தோதாகச் சிப்பாய்கள் வந்தார்கள், பீரங்கிகள் வந்தன, இடிந்த சுவர்கள்கூட வந்தன. மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும் மலைக்காரப் பெண்ணை நான் எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. அவளை நான்தான் செய்ய வேண்டும்.

பலகை 60க்கு 45 செ.மீ. நிஜத்தில் 21 மீட்டர் நீளம். கேத்தி ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் ஒரு முனை, தண்டவாளம், ஒரு கடை, மேட்டில் சில பாத்திகள், ஓர் ஒற்றையடிப் பாதை. இவ்வளவுதான் கொள்ளும்.

ஜூன் 15

மலை ரயில் மீட்டர் கேஜ். ஆயிரம் மி.மீ.யை 35ஆல் வகுத்தால் 28.6. விற்கிற பொம்மை ரயில் பாதை எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. மரச்சட்டத்தைச் சீவி நானே செய்கிறேன். நடுவில் பல்சட்டம் வேண்டாம். அது கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். கேத்தி வழியாக 1908இல் ஊட்டிப் பக்கம் நீட்டிய மேல்பாதையில் வண்டி சக்கரப் பிடிப்பிலேயே ஏறுகிறது.

தூறல், மூடுபனி. ஃபெவிகால் காயமாட்டேன் என்கிறது.

ஜூன் 23

இன்று ஜன்னலைத் திறந்தால் தேயிலையும் கேரட்டும். 1943க்குப் போக வேண்டுமானால் தேயிலையைப் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டும். சிறு விவசாயிகள் பரவலாகத் தேயிலைக்கு மாறியது பிற்பாடு. அன்று இது உருளைக்கிழங்குப் பூமி. நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1935இலேயே வந்துவிட்டது. ஓரடிக் கிழங்குச் செடி ஒரு செ.மீ.கூட வராது, காய்ந்த பாசியைக் கிள்ளி ஒட்டுகிறேன். மண்ணுக்கு, டீ வடிகட்டிய தூளைக் காயவைத்துச் சலித்தது. இந்தக் கருஞ்செம்மை எந்தக் கடை வண்ணத்திலும் கிடைக்காது.

ஜூன் 30

இந்தப் பள்ளத்தாக்கில் குண்டு விழவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டார்கள். சென்னை ஜனம் மூட்டை முடிச்சோடு கிளம்பியது. உயர் நீதிமன்றமே கோவைக்கு வந்தது. பர்மா அரிசி நின்றது, பர்மா எண்ணெய் நின்றது. உலோகம் தட்டுப்பாடாகி, 1943இல் நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. அதைச் சிறிதாக்கினால் 0.6 மி.மீ. விட்டுவிட்டேன்.

இல்லாத ஒன்றை எப்படிச் செய்வது? டாங்கி இருந்த இடத்தில் டாங்கி வைக்கலாம். இல்லாத எண்ணெயை எப்படி வைப்பது? கொலுவில் செட்டியார் பொம்மையைச் சுற்றி அரிசி, பருப்பு, மிளகாய் என்று குவித்து நிறைவைக் காட்டுகிறோம். என் கடைக்காரரின் முன்னால் வெறும் தட்டு வைத்துப் பார்த்தேன். பஞ்சம் தெரியவில்லை, இன்னும் வேலை பாக்கி என்றுதான் தெரிகிறது.

ஜூலை 4

பக்கத்து ஹட்டியிலிருந்து பாட்டி வந்திருந்தார். படகர்; ஹட்டி என்பது அவர்கள் ஊருக்குப் பெயர். யுத்தக் காலத்தில் எட்டு ஒன்பது வயது. வெகுநேரம் பார்த்தார்.

“அரிசி இல்லேன்னு நாங்க அழல கண்ணு. எங்களுக்கு ராகியும் சாமையும் இருந்துச்சு. வெளக்குக்கு எண்ணெதான் இல்ல.”

கை பொருத்தாமல் காய்ந்துகொண்டிருந்த பொம்மைகளைக் காட்டினார். “இவங்க கையில புட்டி குடு. புட்டி இல்லாம யாரு வரிசைக்குப் போவா? கழுத்துல கயிறு கட்டின புட்டி.”

நான் தேடியது அதுதான். தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் குழாயைத் தீயில் காட்டி இழுத்து, எட்டு மி.மீ. துண்டுகளாக நறுக்கினேன். கழுத்துக்கு ஒரு நூல் முடிச்சு. ஒளி உள்ளே புகுந்து வெளியே வருவதால் காலி என்பது கண்ணில் படுகிறது. வாங்கிக்கொண்டு திரும்புகிற ஒருத்தியின் புட்டியில் மட்டும் அடியில் ஒரு மெல்லிய கோடு எண்ணெய். அவளை மற்றவர்கள் பார்க்கும்படி எல்லாத் தலைகளையும் சற்றுத் திருப்பினேன். அத்தனை முகங்களையும் அவள் கையிலிருக்கும் அந்தக் கோடு இழுக்கிறது.

ஜூலை 12

ஒரு நண்பர் ஜீப் வைக்கச் சொல்கிறார். இரண்டு சிப்பாய், துப்பாக்கி, அப்போதுதான் யுத்தம் என்று புரியுமாம். எனக்குச் சம்மதமில்லை. ஆனால் யுத்தத்தில் சேராத மலை என்று காட்டினாலும் பொய்யாகிவிடும். பள்ளத்தாக்கின் வாயிலேயே அருவங்காடு கார்டைட் ஃபாக்டரி. 1903 முதல் இருப்பது. நைட்ரோகிளிசரினையும் நைட்ரோசெல்லுலோஸையும் வாசலினோடு சேர்த்து, அசிட்டோனில் பிசைந்து, நூல் நூலாகப் பிழிந்தால் கார்டைட். தோட்டாவைக் குழலிலிருந்து தள்ளுகிற மருந்து அது. இந்த ஊர்களிலிருந்து ஆட்கள் தூக்குப்போசியோடு அந்த வேலைக்குப் போனார்கள். வீட்டில் விளக்குக்கு எண்ணெய் இல்லை. சம்பளம் வருவது வெடிமருந்திலிருந்து. யாரைக் குறை சொல்வது? அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

ஆகவே ஒற்றையடிப் பாதையில் மூன்று ஆண்கள், ஃபாக்டரிப் பக்கம் முகம் வைத்து. பீடியும் தீப்பெட்டியும் அவர்களிடம் கிடையாது. நெருப்பு வாசலைத் தாண்டக் கூடாது. பாதையை வரிசைக்குப் பின்னால் மறையாதபடி உயர்த்தியிருக்கிறேன். பெண்ணைப் பார்க்கிற கண்ணுக்கு அவர்களும் தென்பட வேண்டும்.

ஜூலை 20

கேத்திக்கு யுத்தம் 1943இல் முதன்முதலாக வரவில்லை. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிடிபட்டவர்களில் சுமார் 9,000 பேரைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முகாம்களில் ஒன்று கேத்தியில் இருந்தது. செயின்ட் ஹெலனா, இலங்கையின் தியத்தலாவை போன்ற முகாம்களில் அந்தக் கைதிகள் மரத்தில் பெட்டி, பைப், சின்னஞ்சிறு மாட்டு வண்டி எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். சண்டை போட்டவர்கள்தான், ஆனாலும் கத்தி கையில் கிடைத்ததும் ஊரில் விட்டுவந்த வண்டியைச் செதுக்கினார்கள். இதை நண்பரிடமும் சொன்னேன். ஜீப் பேச்சை விட்டார்.

கண்ணாடிப் பெட்டிக்குக் குன்னூர் தச்சரிடம் அளவு கொடுத்தாயிற்று. மேசையின் உயரத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் மேலிருந்து குனியாமல், வரிசையில் நிற்பவர்களின் கண்மட்டத்தில் பார்க்க வேண்டும். இன்னும் இரண்டு தூக்குப்போசிக்கு வண்ணம் பாக்கி.