அம்மா மறைத்த மூன்று மாதம்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொல்லைக் கொடியில் அம்மாவின் பழைய காட்டன் புடவை துண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "என்னம்மா இது?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீ போ!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விடாமல் நச்சரித்ததும் உண்மை வந்தது. மாதவிலக்கு முடிந்த பிறகும் நடுநடுவே ரத்தம் படுகிறதாம். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை... மூன்று மாதமாக! அப்பாவிடம் சொல்லக் கூச்சம். என்னிடம் சொன்னால் படிப்பு கெட்டுவிடுமாம்.

மறுநாளே நர்சிங் ஹோம். பரிசோதித்த டாக்டர், "கர்ப்பப்பை வாயில பாலிப் இருக்கு. வயசு 46 ஆச்சு, குழந்தையும் பெத்தாச்சு. கர்ப்பப்பையையே எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்றார். அடுத்த திங்கட்கிழமையே ஆபரேஷனுக்குத் தேதி. அப்பா நகையை அடகு வைக்கக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அம்மாவோ, "இனிமே அது எனக்கு எதுக்குடி? பெரியம்மாவும் எடுத்துட்டாளே" என்றார்.

நான் படிப்பது பி.காம். பாலிப் என்ற வார்த்தையே அன்றுதான் காதில் விழுந்தது. ஹாஸ்டல் தோழியின் அக்கா ஹவுஸ் சர்ஜன். போன் செய்தேன். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணே கேள்வி கேளு. இது என்ன? எடுக்காம விட்டா என்ன ஆகும்? இதைவிடச் சின்ன வைத்தியம் இருக்கா?" என்றார்.

அந்த மூன்று கேள்விகளோடு அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் நின்றோம். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பாலிப் என்பது கர்ப்பப்பை வாயில் சின்னக் காம்போடு தொங்கும் சதை. நூற்றில் 99 பேருக்கு அது புற்றுநோய் இல்லை. சின்னதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால் சிலருக்கு அப்படியே விட்டுக் கவனிப்பதும் உண்டு. ரத்தம் படுவதால் அம்மாவுக்கு எடுப்பது நல்லது. இடுக்கியால் பிடித்துத் திருகி எடுத்துவிடலாம். சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். எடுத்த சதை பயாப்ஸிக்குப் போகும்.

"ஆனா ஒண்ணு... இந்த வயசுல ரத்தம் பட்டா பழியை எல்லாம் பாலிப் மேலயே போடக் கூடாது. ஸ்கேனும் பாப் ஸ்மியரும் பார்த்துடுவோம். ஏதாவது வந்தா அப்போ பெரிய ஆபரேஷன் பத்திப் பேசலாம்" என்றார்.

அன்று இரவு அம்மா மெதுவாகக் கேட்டார். "எல்லாத்தையும் எடுத்துட்டா பயமில்லாம இருக்கலாமேடி?" எனக்குப் பதில் தெரியவில்லை. நான் தப்பாகச் சொல்லி நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? "உன் உடம்பும்மா. முடிவு உன்னோடது" என்று மட்டும் சொன்னேன். காலையில் காபியைக் கொடுத்துக்கொண்டே, "முதல்ல சின்னதைப் பார்ப்போம்" என்றார்.

வெளியே நான் வாங்கிய டீ ஆறுவதற்குள் அம்மா வந்துவிட்டார். "அவ்ளோதானா?" என்று அவரே சிரித்தார். ஆனால், ரிப்போர்ட் வரும் வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. ரிசல்ட்... புற்றுநோய் இல்லை! ஸ்கேனும் ஸ்மியரும் நார்மல். மறுபடி வரவும் வாய்ப்பு உண்டு என்பதால் செக்-அப்புக்கு மட்டும் போக வேண்டும்.

கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டிய நிலையில் இருப்பவர்களும் உண்டு. 'அவசியமா?' என்று கேட்பதில்தான் தப்பே இல்லை.

ஃப்ரெண்ட்ஸ், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்பதற்கு முன்னால், "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேளுங்கள். "ஒண்ணுமில்ல" என்றால், இன்னொரு தடவை கேளுங்கள்!