மேற்படி, மேற்படி

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். காலையில் திருக்கடையூர் கோயிலில் பூஜை, மத்தியானம் பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. பந்திக்கு முன்னால் பத்து நிமிஷம் ஒரு வீடியோ போட்டால் ஜோராக இருக்கும் என்றார் சித்தப்பா. ‘‘நம்ம வீட்டுலயே கம்ப்யூட்டர்காரன் இருக்கானே!’’ என்று என்னைக் கை காட்டினார். நான் ஆபீஸில் தட்டுவது சம்பளப் பட்டியல். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

உறவுக்காரர்கள் செல்போனில் எடுத்ததையெல்லாம் அனுப்பித் தள்ளினார்கள். எல்லாம் 4கே. லேப்டாப்பில் வரிசையாக அடுக்கி, பிளே பட்டனைத் தட்டினேன். அத்தை ஆரத்தித் தட்டோடு ஒரு அடி எடுத்து வைத்தாள். நின்றாள். நான் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். இன்னும் ஒரு அடி வைத்திருந்தாள்.

ஆபீஸில் ஆளுக்கொரு வைத்தியம். ‘‘ரேம் போடு’’, ‘‘கிராஃபிக்ஸ் கார்டு மாத்து’’, ‘‘டேபிள் ஃபேனைத் திருப்பி வை’’. என் சம்பளத்துக்கு மூன்றாவதுதான் கட்டுப்படியானது. அத்தை நகரவில்லை, மேஜை மேலிருந்த கரன்ட் பில்தான் பறந்தது. பிரிவியூ தரத்தைக் கால்வாசியாகக் குறைத்தேன். அத்தை மங்கலானாள். வேகம் வரவில்லை.

இதில் பாட்டி வேறு. பாட்டி போய் இரண்டு வருஷம் ஆகிறது. அத்தை மகன் கல்யாணப் பந்தியில் யாரோ எடுத்த ஒரே ஒரு கிளிப். அப்பா கரண்டியும் வாளியுமாகப் பரிமாறுகிறார். பாட்டி தலையைத் திருப்பி வாயைத் திறக்கிறாள். அவ்வளவுதான், படம் உறைந்துவிடும். பத்துத் தடவை போட்டும் அதே இடம். ஃபைல் கெட்டுப்போச்சு என்று முடிவுகட்டி, வாய் திறப்பதற்கு முன்னால் வெட்டி எறிந்தேன். பாட்டிக்கு மூன்று விநாடி.

விசேஷத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது எதிர்வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். ஒரு காலத்தில் கோடம்பாக்கத்தில் எடிட்டிங் அசிஸ்டென்ட்.

‘‘ஒரிஜினலையா வெட்டிக்கிட்டிருக்கே? நெகட்டிவ்ல யாராவது கை வைப்பாங்களா தம்பி? ரஷ் பிரிண்ட் போட்டு அதைத்தான் வெட்டுவோம். எல்லாம் சரியா வந்தப்புறம், ஓரத்து நம்பரைப் பார்த்து நெகட்டிவ்வை வெட்டுவாங்க.’’

அப்புறம்தான் சாஃப்ட்வேரைக் குடைந்தேன். அந்த ரஷ் பிரிண்ட்டுக்கு இங்கே பெயர் ப்ராக்ஸி. விஷயமும் புரிந்தது. இன்றைய செல்போன்கள் படத்தைச் சுருக்க எச்.264 (2003), எச்.265 (2013) என்ற முறைகளைப் பயன்படுத்துகின்றன. நம் ஆபீஸ் ரிஜிஸ்டர் மாதிரிதான். முதல் வரியில் பெயர், ஊர், இலாகா எல்லாம் முழுசாக எழுதிவிட்டு, கீழே ‘மேற்படி, மேற்படி, ஆனால் கை மட்டும் உயர்ந்தது’ என்று எழுதிக்கொண்டே போவோமில்லையா, அப்படி. இடம் மிச்சம். ஆனால் நாற்பதாவது வரியில் என்ன இருக்கிறதென்று பார்க்க, முழுசாக எழுதின வரி வரைக்கும் மேலே போய், அங்கிருந்து படித்துக்கொண்டு இறங்க வேண்டும். விநாடிக்கு முப்பது படம் என்றால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் சுமார் 33 மில்லி செகண்ட். ஒரு 4கே படத்தில் 3840க்கு 2160 என்று ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். பாவம், என் லேப்டாப் எத்தனை மேற்படியைத்தான் படிக்கும்?

ப்ராக்ஸியில் 960க்கு 540, பதினாறில் ஒரு பங்கு புள்ளிகள். ஒவ்வொரு படமும் மேற்படி இல்லாமல் முழுசாக எழுதும் வகையைத் தேர்ந்தெடுத்தேன். ராத்திரி பட்டனைத் தட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் ரெடி. வெட்டுவதெல்லாம் இந்த நகலில். கடைசியில் முழுப்படமாக வெளியே எடுக்கும்போது ஒரிஜினலுக்கு மாற்றிவிட வேண்டும். பெரியவர் சொன்ன அதே நெகட்டிவ் கதை.

பிளே தட்டினேன். அத்தை விறுவிறுவென்று நடந்து வந்து ஆரத்தி எடுத்துவிட்டுப் போயே போய்விட்டாள். சரி, பாட்டியையும் போட்டுப் பார்ப்போம் என்று, வெட்டிப் போட்டதை இழுத்து வைத்தேன்.

ஃபைல் கெடவே இல்லை. திக்கினது லேப்டாப்தான். பாட்டி தலையைத் திருப்பினாள், வாயைத் திறந்தாள், பேசினாள். நான் கொஞ்ச நேரம் எதையும் தட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் முன்னால் வெட்டினதையெல்லாம் அழித்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து வெட்டினேன்.

மண்டபத்தில் படம் ஓடியது. காலையிலிருந்து ஹோமம், அபிஷேகம் என்று பட்டினியாக இருந்த அப்பா, மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் பாட்டி வந்தாள்.

‘‘ஊருக்கெல்லாம் போடறியே, நீ சாப்பிட்டியாடா?’’

அப்பா மாலையைச் சரிசெய்துகொண்டார். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற குரலில், ‘‘இன்னும் இல்லம்மா’’ என்றார்.