கூடாரம் அடிக்க ஒரு மேடு

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் பட்டணத்துக் குடும்பங்களுக்கு மலை ஞாபகம் வந்துவிடுகிறது. ஓட்டலில் அறை எடுத்துத் தங்குவது ஒரு வகை. கூடாரம் அடித்து, கட்டுச்சோற்றை அவிழ்த்து, நட்சத்திரங்களின் கீழே குழந்தை குட்டிகளுடன் இரவைக் கழிப்பது மற்றொரு வகை. இரண்டாவதில் இன்பம் அதிகம். ஆனால் அந்த இன்பத்தைக் குலைக்கப் புலி வர வேண்டியதில்லை. எள்ளளவான ஒரு கொசு போதும். பெரியவர்கள் சொறிந்துகொண்டே பொறுத்துவிடுவார்கள். மூன்று வயதுக் குழந்தை பொறுக்குமா? வீடு திரும்பிய பத்தாம் நாள் அதற்குக் காய்ச்சல் கண்டால் தாயின் மனம் என்ன பாடுபடும்? ஆகையால், இடம் தேடும் குடும்பஸ்தன் "காட்சி எப்படி?" என்று கேட்பதற்கு முன், "கடி எப்படி?" என்று கேட்பதே விவேகம்.

இந்தக் கேள்விக்கு விடை காண நமது திண்டுக்கல் சீமையே நல்ல பாடசாலை. மதுரையில் 1834-ல் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த குடும்பங்களைச் சமவெளியின் உஷ்ணமும், காலராவும், காய்ச்சலும் வாட்டி எடுத்தன. உயிர்களைப் பறிகொடுத்த அவர்கள், இளைப்பாற ஒரு மலையைத் தேடினார்கள். திண்டுக்கல்லுக்கு அருகிலேயே சிறுமலை இருந்தது. உயரம் சுமார் 4,000 அடி. வாழைத் தோட்டமும் சோலையும் சுனையுமாகக் கண்ணைக் கவரும் மலை. அங்கே ஏறிப் பார்த்தார்கள். காய்ச்சலும் கூடவே ஏறி வந்தது! பிறகு அதை விட்டுப் பழனி மலைக்குப் போய், 1845-ல் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அங்கே உயரம் சுமார் 7,000 அடி. காய்ச்சல் அடிவாரத்தோடு நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பது அவர்களுக்குத் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அக்காலத்தவர் எண்ணினார்கள். 'மலேரியா' என்ற இத்தாலியச் சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்பதுதான் பொருள்.

உண்மையைக் கண்டவர் ரொனால்டு ராஸ். 1897-ல் விடுமுறைக்காக உதகமண்டலம் வந்த அவர், நீலகிரியின் வடக்குச் சரிவிலுள்ள சீகூர்ப் பள்ளத்தாக்கில் இறங்கி ஆராய்ந்தார். கொசுவலைக்குள் படுத்தும் அவரையே மலேரியா பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்திராபாத்தில், ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். குற்றவாளி காற்று அன்று, கொசுவே என்பது வெளியாயிற்று. 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சிறுமலைக்கும் கோடைக்கானலுக்கும் உள்ள வித்தியாசம் இப்போது விளங்குகிறது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் முதிர்வதற்கு வெப்பம் வேண்டும். சுமார் 16 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே அது முதிர்வதில்லை. குளிரில் கொசுவின் புழுவும் மெதுவாகவே வளரும். 3,000 அடி கூடுதல் உயரம் செய்த வைத்தியம் இதுதான். சிறுமலையில் அன்றிருந்த காய்ச்சல் இன்று இல்லை. ஆனால் அது கற்பித்த பாடம் மட்டும் பழசாகவில்லை.

எல்லோராலும் 7,000 அடி ஏற முடியாது. ஏறினாலும் உயரம் மட்டும் போதாது. தண்ணீர், காற்று, தரை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர். சலசலவென்று ஓடும் ஓடைக் கரையில், மர நிழலில் கூடாரம் அடிப்பதே எல்லோருக்கும் ஆசை. இதைப்போல் தவறான இடம் வேறில்லை. மலையடிவாரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இனம் ஒன்று, புல் படர்ந்த ஓடை ஓரங்களில் மெதுவாக நகரும் தெளிந்த நீரிலேதான் முட்டையிடுகிறது. நீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது! ஆகாயத் தாமரை மிதக்கும் குளமும் அப்படியே. அதன் வேரைப் பற்றிக்கொண்டு வளரும் கொசு ஒரு வகை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கோ ஓடையும் வேண்டாம், குளமும் வேண்டாம். மரப்பொந்தில் ஒரு கை மழைநீர் போதும். அது பகலில் கடிப்பது. ஆகவே ஓடையில் குளிக்கலாம், தண்ணீர் மொண்டு வரலாம். படுக்கை மட்டும் தொலைவில் மேட்டின்மேல் இருக்கட்டும்.

இரண்டாவது காற்று. கொசு திறமையான பறவை அன்று. மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதே அதற்குப் பெரும்பாடு. சாயங்காலம், கூடாரத்தை அவிழ்ப்பதற்கு முன், ஒரு கைக்குட்டையை நுனியில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கைக்குட்டை தொங்கினால் அந்த இடம் கொசுவின் ராஜ்யம். விரிந்து பறந்தால் காற்று மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. அதில் கொசு உங்களை நாடி வருவது துர்லபம். இந்தச் சோதனையைக் குழந்தைகளிடமே ஒப்படைக்கலாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பூகோளத்தைவிட இது அவர்கள் மனத்தில் நன்றாகப் பதியும்.

மூன்றாவது தரை. புதர் ஓரத்தில் உள்ள நுண்ணிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவதே உண்ணிக் காய்ச்சல். கடி தெரியாது, பிறகு அந்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த புண் காணலாம். பிரயாணத்துக்குப்பின் காய்ச்சல் வந்தால் மலைக்குப் போய் வந்ததை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். காலத்தில் கண்டால் எளிதில் குணமாக்கக் கூடியது. புதர்மேல் துணி உலர்த்துவதும், வெறும் புல்லில் குழந்தையைப் படுக்க வைப்பதும் கூடாது. தடித்த தார்ப்பாய் ஒன்று விரித்து அதன்மேல் ஜமக்காளம் போடுவது உத்தமம். மழைக்காலச் சோலைகளில் அட்டையும் உண்டு. அது நோய் தராவிட்டாலும் குழந்தையை அலற வைக்கும்.

இந்த மூன்றும் ஒருங்கே கூடுவது திறந்த புல்மேட்டில். கோடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் மன்னவனூர். 6,000 அடிக்கு மேல், அலை அலையான பசும்புல் மேடுகள், நடுவே ஏரி, செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம். மேட்டின்மேல் நின்றால் காற்று மேல்துண்டைப் பறித்துக்கொண்டு போகும். வழியிலுள்ள பூம்பாறையிலும் மலையாட்கள் தங்கள் வீடுகளைத் திறந்த சரிவில் நெருக்கமாகவே அமைத்திருக்கிறார்கள். ஆனால் ஆடு மேயும் இடத்தில் உண்ணி இருக்கும். இரவில் குழந்தைகளின் காது மடலையும் கால் மடிப்பையும் பார்த்துவிட்டுத் தூங்க வையுங்கள். மேலும், நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. காடானால் வனத்துறையின் அனுமதி வேண்டும். தனியார் நிலமானால் அரசாங்க அனுமதி பெற்ற இடமா என்று விசாரிக்க வேண்டும்.

பருவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மழை ஓய்ந்து ஓடைகள் வற்றும் மாசி, பங்குனி மாதங்களிலே கடி குறைவு. அதே மாதங்களிலேதான் காட்டுத் தீயும் பரவுகிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், நடைப் பயணம் சென்றவர்கள் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் மாண்டதை நாம் மறக்கலாகாது. ஆகையால் வீட்டில் வேப்பிலைப் புகையும் நொச்சிப் புகையும் போடும் பாட்டி, காய்ந்த புல்மேட்டில் அந்தக் கைவைத்தியத்தைக் காட்ட வேண்டாம். முழுக்கைச் சட்டையும், நெருங்கிய கண்ணுள்ள கொசுவலையும், மேலே பூசும் மருந்தும் போதும். பிறந்து இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்கு மட்டும் மருந்து ஆகாது, வலையே துணை.

கடைசியாக ஒரு வார்த்தை. திரும்பும்போது நாம் வீசிவிட்டு வரும் தேங்காய்ச் சிரட்டையும் பிளாஸ்டிக் கோப்பையும் அடுத்த மழையில் ஒவ்வொரு கொசுத் தொட்டிலாக மாறும். கடியில்லாத மேட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது பாதிக் காரியமே. அடுத்து வரும் குடும்பத்துக்கும் அதைக் கடியில்லாத மேடாகவே விட்டு வருவது மீதிப் பாதி.