வாவிக்கரையில் ஒரு நடை

கண்டிக்கு வரும் சகோதரிகளே, தலதா மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலுள்ள வாவியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான பாதை உண்டு; நடப்பதற்குக் கட்டணம் இல்லை.

கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807இல் வயல்நிலத்தில் அணை கட்டி உருவாக்கிய வாவி இது. நடுவிலுள்ள சிறு தீவில் அரசியர் நீராடினார்களாம். 1815இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர் பின்பு அதையே வெடிமருந்துக் கிடங்காக்கினார்கள். இன்று அங்கே மரங்கள்தான் நிற்கின்றன.

“புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு உலாத்தல் என்ன வேண்டிக் கிடக்கிறது?” என்று ஊரார் கேட்பதுண்டு. கேட்கட்டும். கூட்டங்களில் வாயே திறக்காத பெண்கள் இந்தக் கரையில் நடந்தபடி மணிக்கணக்காகப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்; மீன்கள் கரையோரமாகவே வரும்.

மாலையில் மரங்களில் பறவைகள் வந்தடையும். எச்சம் தலையில் விழும், குடை அவசியம்.